தேத்தண்ணிக்கு அடிமை என்று சொல்லும் முன்

காலை ஐந்து மணிக்கு லயத்தில் கேத்தல் கொதிக்கும். உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்து நக்கிக்கொண்டே ஒரு கோப்பை பிளேன்டீ குடித்த பிறகுதான் அம்மா, தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கிளம்புவார். "தேத்தண்ணி இல்லாட்டி எனக்கு ஒண்ணும் ஓடாது, நான் இதுக்கு அடிமையாயிட்டேன்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அதே நேரம் அப்பாயி இஸ்தோப்பில் உட்கார்ந்து வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருப்பார். கண் விழித்ததும் அவர் கை முதலில் போவது சுருக்குப்பைக்குத்தான். பாக்கும் பொயிலையும் வாயில் அதக்கிய பிறகே பேச்சு வரும். அவரை அடிமை என்று எங்கள் வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை.

ஹட்டன், மஸ்கெலியா, பண்டாரவளை என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தச் சொல்லை இப்படித்தான் இடம் மாற்றி வைத்திருக்கிறோம். மலையகத்தில் அது லேசான சொல்லும் இல்லை. கோப்பிக் காலத்திலிருந்து நம் முன்னோர் பட்ட பாட்டைச் சொல்ல நாம் எடுக்கும் சொல் அது. அந்தச் சொல்லைப் பிளேன்டீக்குச் செலவழித்துவிட்டால், உண்மையாகவே தேவைப்படும் இடத்தில் யார் காதிலும் விழாது.

தினமும் செய்வதெல்லாம் அடிமைத்தனம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. எத்தனை தடவை, எவ்வளவு ஆசையாக என்பதை வைத்து மருத்துவர்கள் இதை முடிவு செய்வதில்லை. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது. எப்போது தொடங்குவது, எவ்வளவு எடுப்பது, எப்போது நிறுத்துவது என்பது கையை விட்டுப் போய்விட்டதா? வேலை, குடும்பம், உடம்பு எல்லாவற்றுக்கும் முன்னால் அது வந்து நிற்கிறதா, கெடுதல் நடந்த பிறகும் தொடர்கிறதா? அளவு கூடிக்கொண்டே போவது, விட்டால் உடம்பு படுத்துவது போன்றவை இருக்கிறதா? இந்த மூன்றில் குறைந்தது இரண்டு தொடர்ந்து இருந்தால்தான் அடிமைத்தனம். ராத்திரி ரொட்டிக்குக் கட்டாயம் சம்பல் வேண்டும் என்பவர் இதில் எதிலும் வரமாட்டார். அவருக்குச் சம்பல் பிடிக்கும், அவ்வளவுதான்.

சரி, தேத்தண்ணி குடிக்காவிட்டால் தலை வலிக்கிறதே? விரத நாட்களில் பலருக்கு இது நடக்கும். தேயிலையில் உள்ள கஃபீன், களைப்பை மூளைக்கு உணர்த்தும் அடினோசின் என்ற பொருளின் வேலையைத் தடுக்கிறது. தினமும் குடிக்கும்போது மூளை அதற்கேற்பத் தன்னைப் பழக்கிக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, சோர்வு, எரிச்சல் வரலாம். சில நாட்களில், அதிகம் போனால் ஒரு கிழமைக்குச் சற்று மேலே, தானாக அடங்கிவிடும். உடம்பு பழகியிருக்கிறது என்பதற்கு இது அடையாளம். வாழ்க்கை அதன் பிடிக்குள் போய்விட்டது என்பதற்கு அல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடும் கஃபீனை நிறுத்தும்போது வரும் தொல்லையை ஒரு நிலையாக ஏற்றுக்கொண்டது. கஃபீன் அடிமைத்தனத்தையோ, இன்னும் ஆராய வேண்டியவை என்ற பட்டியலில்தான் வைத்தது. குறைக்க நினைப்பவர்கள் நாளுக்கு ஒரு கோப்பையாகக் குறைத்துக்கொண்டு வந்தால் தலைவலி அவ்வளவாக இருக்காது.

இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. அடிமைத்தனம் இல்லை என்றால் கெடுதலும் இல்லை என்று ஆகிவிடாது. சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி, கீரை பருப்பிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்ளும் இரும்புச் சத்தைக் குறைத்துவிடும். இரத்தசோகை உள்ள பெண்கள் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பது நல்லது. கோப்பைக்கு மூன்று கரண்டி சீனி போடுகிறவருக்கு நீரிழிவுதான் கவலை. இவற்றுக்கு நேரத்தையும் சீனியையும் மாற்றினால் போதும். "அடிமை" என்று சொல்லி ஒருவரைக் குற்றவாளி ஆக்கத் தேவையில்லை. நாள் முழுக்க போனைப் பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன். பள்ளிக்கூடம், தூக்கம், விளையாட்டு மூன்றும் ஒழுங்காக நடந்தால் அந்தச் சொல்லைப் பிள்ளையின் தலையில் வைக்காதீர்கள்.

குடி விஷயத்தில் எண்ணிக்கையைப் பார்ப்பது

"அவர் தினமும் குடிக்கிறவரில்லை, சம்பள நாளில் மட்டும்தான்" என்று சமாதானம் சொல்வோம். சம்பள நாளில் வீட்டுக்கு வரும் பணத்தில் பாதி தவறணையில் நின்றுவிட்டால், அடிமைத்தனத்தின் அளவுகோலை அவர் தொடாவிட்டாலும் அது கெடுதலான குடிதான். குடிப்பவரின் உடம்பையோ மனதையோ, மற்றவர்களின் உடல்நலத்தையோ கெடுக்கும் குடிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அதே வகைப்பாட்டில் தனி இடம் இருக்கிறது.

யார் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள நம் நாட்டில் மாதம் ஒரு நாள் வருகிறது. போயா என்ற பௌர்ணமி தினத்தில் மதுக்கடைகள் மூடியிருக்கும். ஆசைக்குக் குடிக்கிறவர் அன்றைக்கு அதை நினைக்காமலே இருந்துவிடுவார். இன்னொருவர் முதல் நாளே வாங்கிப் பதுக்குவார், தவறினால் கசிப்பு என்ற கள்ளச் சாராயம் தேடிப் போவார். கை நடுக்கத்தை நிறுத்தக் காலையிலேயே ஒரு வாய் வேண்டும் என்பவர் ஏற்கெனவே வெகுதூரம் போய்விட்டார்.

அப்படிப்பட்டவரை அறைக்குள் பூட்டி வைத்துத் "திருத்துவது" உயிருக்கே ஆபத்து. இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். நீண்ட காலம் தினமும் நிறையக் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாட்களில் சிலருக்கு உடம்பு நடுங்கும், வேர்க்கும், இல்லாத உருவங்கள் தெரியும், ஆள் தெரியாமல் பேசுவார்கள். பேய் பிடித்திருக்கிறது என்று கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போவது இந்த நேரத்தில்தான். உடனே போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. அங்கே மருந்து கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்த முடியும். சாமிக்கு வேண்டிக்கொள்ளுங்கள், அது மனதுக்குப் பலம். ஆனால் சத்தியம் வாங்குவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். குடியை நிறுத்தும் என்று சொல்லி விற்கும் பொடிகளை அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலக்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் ஆலோசனை கேட்கலாம்.

வழக்கம் என்பதால் கண்ணில் படாதது

இனி வெற்றிலை. கல்யாணத்தில் தாம்பூலம் வாங்கி மெல்லுகிறவரை நான் சொல்லவில்லை. மலையில் குளிருக்கும் பசிக்கும் தாக்குப்பிடிக்கத் தொடங்கி, நாளைக்குப் பத்துத் தடவை, ராத்திரி எழுந்து ஒரு தடவை என்று ஆனவர்களைச் சொல்கிறேன். பொயிலையில் நிகோடின் இருப்பது பலருக்குத் தெரியும். பாக்கிலும் அரிகோலின் என்ற பொருள் இருக்கிறது, அதுவும் மூளையைப் பழக்கப்படுத்தும். பொயிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1985இலேயே சொல்லிவிட்டது. பொயிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்பதை 2004இல் உறுதிப்படுத்தியது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் ஒன்று. "நான் பொயிலை போடுறதில்ல, வெறும் பாக்குதான்" என்பதில் ஆறுதல் இல்லை.

அப்பாயி சில வருடங்களுக்கு முன் கொச்சிக்காய்ச் சம்பலை விட்டுவிட்டார். காரம் வாயில் எரிகிறது என்றார். பிறகு ரொட்டியையும் தேத்தண்ணியில் நனைத்துத்தான் சாப்பிட்டார். வயது போனதால் என்று நினைத்தோம். அறுபது வருடம் ஆசையாகச் சாப்பிட்ட சம்பலை விட முடிந்தவருக்கு, வாயை எரிய வைத்த வெற்றிலையை விட முடியவில்லை. எது பிடித்த சாப்பாடு, எது அடிமைத்தனம் என்று எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்றைச் செய்து பாருங்கள். அவர்களுடைய மூன்று விரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் வைக்கச் சொல்லுங்கள். வைக்க முடியாவிட்டால் வாயின் உள்தோல் இறுகிக்கொண்டு வருகிறது என்று சந்தேகப்பட வேண்டும். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், இதில் எது இருந்தாலும் ஆஸ்பத்திரியின் பல் சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். வலி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம், ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

அப்பாயியின் வாய்க்குள் இரண்டு விரல்தான் போனது. திட்டினால் ஒளித்துப் போடுவார் என்று தெரிந்ததால் யாரும் திட்டவில்லை. முதலில் பொயிலை நின்றது, பிறகு ராத்திரி வெற்றிலை. இப்போது சுருக்குப்பையில் கராம்பும் ஏலக்காயும் வைத்துக் கொடுக்கிறோம். பாக்கு இன்னும் முழுதாக நிற்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப் போகிறேன்.