கரோக்கி டிஸ்க்கை வீட்டுக் கணினியில் நகல் எடுப்பது எப்படி?

"காப்பி பண்ணிட்டேன், மியூசிக் வருது, பாட்டு வரி மட்டும் வரலை." ஆடி மாதக் கச்சேரிக்காக வீட்டில் பாடிப் பழகும் ராயபுரம், தண்டையார்பேட்டை நண்பர்கள் என்னிடம் அதிகம் சொல்லும் புகார் இதுதான். கோளாறு கணினியில் இல்லை, நகல் எடுத்த முறையில்தான்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை டிஸ்க் என்று பாருங்கள். கணினியில் போட்டுத் திறந்தால் 'எம்பெக்ஏவி' என்ற ஃபோல்டர் தெரிகிறதா? அது விசிடி, அதாவது வீடியோ சிடி. பர்மா பஜார் காலத்துத் தமிழ்க் கரோக்கி டிஸ்க்குகளில் இந்த வகை நிறைய உண்டு. வேலை சுலபம்: உள்ளே இருக்கும் 'டேட்' (DAT) கோப்புகளை ஹார்ட் டிஸ்க்குக்கு இழுத்துப் போடுங்கள், விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் ஓடும். குரலும் சேர்ந்து வந்தால் ஆடியோ மெனுவில் ஸ்டீரியோ மோடை இடது அல்லது வலது என மாற்றிப் பாருங்கள். பல டிஸ்க்குகளில் ஒரு பக்கம் இசை மட்டும், மறுபக்கம் குரலோடு இருக்கும்.

வெறும் ட்ராக்குகள் மட்டும் தெரிகின்றன, உறையில் 'காம்பாக்ட் டிஸ்க் கிராஃபிக்ஸ்' முத்திரை இருக்கிறது என்றால், அது சிடி+ஜி. வரி காணாமல் போகும் தொல்லை இதில்தான்.

இந்த டிஸ்க்கில் பாட்டு வரிகள் தனிக் கோப்பாக இல்லை. ஒலி ஒரு விநாடிக்கு 75 துண்டுகளாகப் பதிவாகிறது. ஒவ்வொரு துண்டிலும் ஒலிக்கு 2352 பைட், அதோடு ஒட்டிக்கொண்டு சப்கோடு என்ற 96 பைட். அந்தச் சப்கோட்டில் எட்டு ஓடைகள் உண்டு. பி, கியூ இரண்டும் ட்ராக், நேரக் கணக்குக்கு. மிச்சமிருக்கும் ஆர் முதல் டபிள்யூ வரையிலான ஆறில்தான் வரிகள், அதுவும் 16 நிறத்தில். எம்பி3 ஆக்கும் சாதாரண மென்பொருள் ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிடும், குழம்பை விட்டுவிட்டுச் சோற்றை மட்டும் பார்சல் கட்டியது போல.

அடுத்து கணினியின் சிடி டிரைவ். எல்லா டிரைவும் இந்த ஆறு ஓடைகளைப் படித்துத் தராது. உங்கள் டிரைவில் வரிகள் வரவே இல்லை என்றால் மென்பொருளை மாற்றிப் பயனில்லை. ரிச்சி தெருவில் பழைய டெஸ்க்டாப் டிரைவ் வாங்குவதாக இருந்தால், கடையிலேயே ஒரு டிஸ்க்கைப் போட்டுச் சோதித்து வாங்குங்கள்.

இனி நகல். டிஸ்க்கை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்கவும், வட்டமாகத் தேய்க்க வேண்டாம். சப்கோட்டுக்குப் பிழை திருத்தும் வசதி ஒலியைவிடக் குறைவு. அதனால் பாட்டு சுத்தமாகக் கேட்கும் டிஸ்க்கிலும் ஒரு சின்னக் கீறல் வரிகளின் மேல் கலர் கட்டங்களைக் கொண்டுவந்துவிடும்.

குளோன்சிடி மாதிரி, டிஸ்க்கை அப்படியே பிம்பமாக எடுக்கும் மென்பொருளைத் திறந்து, ஆடியோ ட்ராக்குகளின் சப்சேனலையும் (மேலே சொன்ன சப்கோடுதான்) படிக்கச் சொல்லும் பெட்டியில் டிக் செய்யுங்கள். இதை மறந்தால் எல்லாம் வீண். வேகத்தை 4 அல்லது 8 மடங்குக்குள் வையுங்கள். முடிந்ததும் சிசிடி, ஐஎம்ஜி, எஸ்யுபி என மூன்று கோப்புகள் கிடைக்கும். ஒரு மணி நேர டிஸ்க்குக்கு ஐஎம்ஜி சுமார் 635 எம்பி, எஸ்யுபி சுமார் 26 எம்பி இருக்க வேண்டும். எஸ்யுபி கோப்பே இல்லையென்றால் அந்த டிக்கைப் போய்ப் பாருங்கள்.

அப்புறம் காலி சிடியில் எழுதுவது. எழுதும் முறையில் 'ரா 96' என்று இருப்பதை, அதாவது அந்த 96 பைட் சப்கோட்டையும் சேர்த்து எழுதுவதைத் தேர்ந்தெடுங்கள், வேகம் அந்தக் காலி சிடி அனுமதிப்பதில் மிகக் குறைந்தது. முதல் முயற்சியை சிடி-ஆர்டபிள்யூவில் செய்தால் காசு மிச்சம், அழித்துத் திரும்ப எழுதலாம். ஆனால் சில பழைய பிளேயர்கள் அதைப் படிக்காது. அப்போது சாதாரண சிடி-ஆர்தான். கரோக்கி பிளேயரில் போட்டு, கடைசி ட்ராக் வரை வரிகள் வருகின்றனவா என்று ஓட்டிப் பாருங்கள்.

இதெல்லாம் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்குக்கு, உங்கள் வீட்டு உபயோகத்துக்கு மட்டும். நகல் போட்டு விற்றால் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் சும்மா விடாது.

கடைசியாக, சிசிடி, ஐஎம்ஜி, எஸ்யுபி மூன்று கோப்புகளையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். பெயர் மாற்றுவதானால் மூன்றுக்கும் ஒரே பெயர் வையுங்கள், ஒன்று பிசகினாலும் மென்பொருள் மற்றதைத் தேடிக் கண்டுபிடிக்காது.