லிங்கனின் கடிதங்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆபிரகாம் லிங்கனைப் பற்றி விவாதம் என்று வந்தால் யாராவது ஒருவர் இந்த வரியைக் கொண்டுவந்து போடுவார்: "ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காப்பாற்ற முடியுமானால் அப்படியே செய்வேன்." பார்த்தீர்களா, அவருக்கு அடிமைகள் மேல் அக்கறையே இல்லை என்று அதோடு பேச்சை முடித்தும் விடுவார். வரி உண்மையானதுதான். அடிமைமுறையை விடாத தெற்கு மாநிலங்கள் ஒன்றியத்தை, அதாவது அமெரிக்க ஐக்கிய நாடுகளை, விட்டுப் பிரிந்ததால் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். 1862 ஆகஸ்ட் 22 அன்று நியூயார்க் டிரிபியூன் பத்திரிகையின் ஆசிரியர் ஹொரேஸ் கிரீலிக்குக் குடியரசுத் தலைவர் லிங்கன் எழுதியது. அதைப் படிக்கிற விதத்தில்தான் கோளாறு.

முதலில், அந்த வரி அங்கே முடியவில்லை. எல்லா அடிமைகளையும் விடுவித்தால்தான் காப்பாற்ற முடியும் என்றால் அதையும் செய்வேன், சிலரை விடுவித்துச் சிலரை விட்டுவிட வேண்டுமென்றால் அதையும் செய்வேன் என்று தொடர்கிறது. கடிதத்தின் கடைசி வாக்கியம் இன்னும் முக்கியம். இதுவரை சொன்னது பதவிக் கடமை பற்றிய என் பார்வை. எங்கும் உள்ள எல்லா மனிதரும் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்று நான் அடிக்கடி சொல்லிவரும் சொந்த விருப்பத்தில் மாற்றமில்லை என்கிறார். இந்த வாக்கியத்தை வெட்டிவிட்டு மேற்கோள் காட்டுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

அப்புறம் நாள்காட்டியைப் பார்க்காதது. அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பே, ஜூலை 22 அன்று, பிரிந்துபோன மாநிலங்களின் அடிமைகளை விடுவிக்கும் விடுதலைப் பிரகடனத்தின் வரைவை லிங்கன் தன் அமைச்சரவையில் வாசித்துவிட்டார். போரில் ஒரு வெற்றி வரட்டும், அதன்பிறகு வெளியிடலாம் என்று வெளியுறவுச் செயலர் சூவர்டு யோசனை சொன்னதால் அது மேசைக்குள் காத்திருந்தது. செப்டம்பர் 17 அன்று ஆன்டீட்டம் போர், காத்திருந்த வெற்றியாக அதை லிங்கன் எடுத்துக்கொண்டார். 22 அன்று முதற்கட்டப் பிரகடனம். ஆக, கிரீலிக்கு எழுதும்போது முடிவு ஏற்கெனவே கையில் இருந்தது. பத்திரிகையில் அச்சாகி நாடே படிக்கும் என்று தெரிந்து, வடக்கில் தயங்கி நின்றவர்களைத் தயார்ப்படுத்த எழுதிய கடிதம் அது. அதைப் போய் மனம் திறந்த டைரிக் குறிப்பு மாதிரி படிக்கக் கூடாது.

இன்னொரு தவறு, வடக்கு என்றால் அடிமைமுறை இல்லாத பகுதி, தெற்கு என்றால் உள்ள பகுதி என்று கோடு போட்டுக்கொள்வது. டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி ஆகிய நான்கும் அடிமைமுறையை வைத்துக்கொண்டே ஒன்றியத்தில் நீடித்த எல்லை மாநிலங்கள். இவை கண்முன் இல்லாமல் லிங்கனின் கடிதங்கள் புரியாது. 1861-இல் ஒன்றியப் படையின் ஜெனரல் ஃப்ரீமான்ட் மிசௌரியில் தானாகவே ஒரு விடுதலை ஆணை போட்டார். லிங்கன் அதைத் திருத்தினார். ஏன் என்று கேட்ட நண்பர் பிரௌனிங்குக்கு எழுதிய பதிலில், அந்தச் செய்தி கேட்டதும் ஒன்றியத் தொண்டர் படையில் ஒரு முழுப் படைப்பிரிவே ஆயுதங்களைப் போட்டுவிட்டுக் கலைந்ததைச் சொல்கிறார். கென்டக்கியை இழப்பது ஏறக்குறைய முழு ஆட்டத்தையும் இழப்பதற்குச் சமம் என்கிறார். இந்த வரியைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் வெறும் கணக்குதான் என்பவர்கள் உண்டு. அதே கடிதத்தில், கென்டக்கிக்காகத்தான் இப்படிச் செய்தேன் என்று நினைத்துவிடாதே, அங்கிருந்து சேதி வருமுன்பே ஃப்ரீமான்ட்டுக்கு இதையேதான் எழுதினேன் என்றும் இருக்கிறது. அதை அவர்கள் தொடுவதில்லை.

மறுபக்கமும் தவறு செய்கிறது. லிங்கனைப் புனிதராக்க நினைப்பவர்கள், நெருங்கிய நண்பர் ஜோஷுவா ஸ்பீடுக்கு அவர் 1855-இல் எழுதியதை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். 1841-இல் நாம் இருவரும் நீராவிப் படகில் போனோமே, சங்கிலியால் பிணைத்த பத்துப் பன்னிரண்டு அடிமைகள் இருந்தார்களே, அந்தக் காட்சி எனக்குத் தீராத வேதனை என்று எழுதியிருந்தார். ஆனால் பயணம் முடிந்த சூட்டோடு, ஸ்பீடின் சகோதரி மேரிக்கு அவர் எழுதிய கடிதமும் கிடைத்திருக்கிறது. பன்னிரண்டு பேர், ஆறு ஆறு பேராக. இடது மணிக்கட்டில் சிறிய இரும்பு வளையம். தூண்டில் கயிற்றில் வரிசையாகக் கோத்த மீன்களைப் போல இருந்தார்கள் என்கிறார். பெற்றோரையும் மனைவி மக்களையும் என்றென்றைக்குமாகப் பிரிந்து போகிறார்கள் என்பதையும் சொல்கிறார். சொல்லிவிட்டு, படகிலேயே மிகுந்த உற்சாகமாக இருந்தவர்கள் அவர்கள்தான், ஒருவர் ஓயாமல் பிடில் வாசித்தார் என்று எழுதுகிறார். எந்த நிலையையும் கடவுள் தாங்கிக்கொள்ள வைக்கிறார் என்பதற்கு அது உதாரணமாம்.

படகு ஒன்று, கடிதம் இரண்டு. ஒன்று பொய், ஒன்று மெய் என்று தீர்ப்பெழுத வேண்டாம். 1841-இன் கடிதம், அடிமைகளை வைத்திருந்த வீட்டில் விருந்தாளியாகத் தங்கித் திரும்பிய இளைஞன் அந்த வீட்டுப் பெண்ணுக்கு எழுதியது. 1855-இன் கடிதம், புதிய பிரதேசங்களில் அடிமைமுறைக்கு வழிதிறந்த 1854-ஆம் ஆண்டின் கேன்சஸ்-நெப்ராஸ்கா சட்டத்தால் கொதித்துப்போனவர், இன்னும் அடிமைகளை வைத்திருந்த நண்பனிடம் நேருக்கு நேர் வாதாடியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான், ஒரு மனிதர் பதினான்கு ஆண்டுகளில் எவ்வளவு தூரம் நகர்ந்தார் என்பது தெரியும்.

போரில் மகன்களை இழந்த பிக்ஸ்பி அம்மையாருக்கான புகழ்பெற்ற இரங்கல் கடிதத்தை அவருடைய நடைக்குச் சான்றாகக் காட்டும் முன் கொஞ்சம் பொறுங்கள். அதன் மூலப்பிரதி கிடைக்கவில்லை. எழுதியது அவருடைய செயலாளர் ஜான் ஹேயாக இருக்கலாம் என்று கருதுவோர் பலர்.

கடைசியாக, யார் கண்ணுக்காக எழுதப்பட்டது என்று கவனிக்காமல் விடுவது. 1864 மார்ச் 13 அன்று லூசியானா ஆளுநர் மைக்கேல் ஹானுக்கு எழுதிய சின்னக் கடிதத்தில், கறுப்பினத்தவரில் சிலருக்காவது, குறிப்பாக நம் படையில் வீரத்தோடு போரிட்டவர்களுக்கு, வாக்குரிமை தரலாமா என்று கேட்கிறார். இது பொதுமக்களுக்கு அல்ல, உனக்கு மட்டும் சொல்லும் யோசனை என்று முடிக்கிறார். மிகத் தயக்கமான கடிதமாகத்தான் தெரியும். ஆனால் 1865 ஏப்ரல் 11 அன்று வெள்ளை மாளிகை முன் கூடிய கூட்டத்திடம் அதே விருப்பத்தை வெளிப்படையாகவே சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஜான் வில்க்ஸ் பூத்தும் ஒருவன். மூன்றாம் நாள் இரவு அவன் லிங்கனைச் சுட்டான்.