எபிட்யூரல் மருந்துகளை ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

பிரசவ வலிக்கு எபிட்யூரல் (முதுகெலும்புக்குள் மெல்லிய குழாய் வைத்து மரப்பு மருந்து கொடுப்பது) என்றதும், எந்த மரப்பு மருந்து, பியூபிவகெய்னா, ரோபிவகெய்னா என்று கேட்டுப் பாருங்கள். "ரோபிவகெய்ன்தான். கால் மரக்காது, இதயத்துக்கும் பாதுகாப்பு" என்று பிஜி (மருத்துவ மேற்படிப்பு) மாணவர்கள் ஒப்பிப்பார்கள். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஒப்பிட்ட விதத்தில்தான் கோளாறு.

முதல் சறுக்கல், சதவீதத்துக்குச் சதவீதம் நிறுத்துப் பார்ப்பது. இரண்டிலும் 0.1% கரைசல் என்றால் ஒரு மில்லியில் 1 மி.கி. மருந்து இருக்கிறது, அவ்வளவுதான். வீரியம் வேறு. பாதிப் பெண்களுக்கு வலி அடங்கத் தேவையான செறிவை அளந்து 1999-இல் வந்த ஆய்வுகளில், ரோபிவகெய்னின் வீரியம் பியூபிவகெய்னில் சுமார் 60 சதவீதமே. ஓர் ஆய்வில் பியூபிவகெய்னில் 0.067% போதுமானதாக இருந்தது, ரோபிவகெய்னுக்கு 0.111% தேவைப்பட்டது. வீரியம் குறைந்த மருந்தை அதே செறிவில் கொடுத்துவிட்டு, கால் நன்றாக அசைகிறதே என்று மெச்சுவதில் என்ன இருக்கிறது? இதே வகை மருந்தான லெவோபியூபிவகெய்னோ வீரியத்தில் பியூபிவகெய்னுக்கு ஏறத்தாழச் சமம்.

அதற்காக அந்த 60 சதவீதத்தை வைத்துக் கணக்குப் போட்டு மருந்து செலுத்தும் பம்ப்பை ஓட்டவும் கூடாது. பாதிப் பேருக்கு மட்டும் கேட்கும் அளவில் லேபர் வார்டில் யாரும் மருந்து போடுவதில்லை.

ஒரு பக்கம் ஃபென்டனில் (ஓபியாய்டு வகை வலி நிவாரணி) கலந்த கரைசல், மறுபக்கம் வெறும் கரைசல் என்று ஒப்பிடுவதும் நடக்கிறது. அது ஒப்பீடே அல்ல.

பழைய 0.25% பியூபிவகெய்னோடு இன்றைய நீர்த்த ரோபிவகெய்னை மோதவிடுவது இன்னொன்று. பிரிட்டனில் நடந்து 2001-இல் வெளியான காமெட் ஆய்வில் மருந்து மாறவில்லை, பியூபிவகெய்னேதான். செறிவைக் குறைத்து ஃபென்டனில் சேர்த்தார்கள். ஆயுதம் போடாத இயல்பான பிரசவங்கள் 35 சதவீதத்திலிருந்து 43 சதவீதத்தை ஒட்டி உயர்ந்தன. இந்தப் பெயரை ரோபிவகெய்ன் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

இதய பயத்துக்கு வருவோம். இதயம் திடீரென நின்று நேர்ந்த மரணங்களுக்குப் பிறகு 1980-களில் அமெரிக்கா மகப்பேறில் நிறுத்தியது 0.75% பியூபிவகெய்னை. 0.1% சொட்டாக ஓடும்போது அந்தக் கதையைச் சொல்லி மிரட்டத் தேவையில்லை. அதே பெண்ணை அவசர சிசேரியனுக்குக் கொண்டுபோய் 0.5%-இல் 20 மில்லி ஏற்றினால் 100 மி.கி. உள்ளே போகிறது. அங்கே மருந்தின் தேர்வு உண்மையிலேயே பேசும். எதை எடுத்தாலும், குழாய் ரத்தக் குழாய்க்குள் இல்லையா என்று சிரிஞ்சால் உறிஞ்சிப் பார்த்து, பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். மரப்பு மருந்து ரத்தத்தில் ஏறி நச்சானால் கொடுக்கும் 20% லிப்பிட் எமல்ஷன் (கொழுப்புக் கரைசல்) தியேட்டரிலேயே இருக்கட்டும், ஸ்டோரில் அல்ல.