கைப்பிடி ஆடுகிறது என்று போனில் சொன்னால் போதாது

நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் மூன்றாவது மாடிக்கு ஏறும் படிக்கட்டின் கைப்பிடி ஆடும். கட்டடத்தைப் பராமரிக்கும் நிறுவனத்துக்கு நான்கு தடவை போன் செய்தேன், நான்கு தடவையும் “பார்க்கிறோம் சார்” என்றார்கள். ஐந்தாவது தடவை எடுத்தவர், அப்படி ஒரு புகாரே பதிவாகவில்லையே என்றார். அவர் பொய் சொன்னதாகத் தோன்றவில்லை, அவருடைய கம்ப்யூட்டரில் உண்மையிலேயே ஒன்றும் இல்லை. ஆக, ஒன்றரை மாதமாக நான் புலம்பியிருக்கிறேனே தவிர புகார் கொடுக்கவே இல்லை.

“எங்களுக்குத் தெரியாது” என்று அவர்கள் சொல்ல முடியாதபடி செய்வதுதான் இதில் பாதி வேலை. இன்ன தேதியில் சொன்னோம், இன்ன தேதியில் பார்த்தார்கள் என்பது எழுத்தில் இருந்தால், நாளைக்கு யாராவது விழுந்து அடிபட்டால் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும்.

ஆனால் எழுதிக்கொண்டு உட்காரக் கூடாத விஷயங்களும் உண்டு. கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள், போனைக்கூட வெளியே வந்த பிறகு எடுங்கள். ஸ்விட்ச் போர்டு சுட்டாலோ, பிளக் பாயின்ட்டைச் சுற்றிப் பழுப்பேறி கருகல் வாடை வந்தாலோ மெயினை அணைத்துவிட வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலைவலி, குமட்டல், வெளியே போனால் சரியாகிறது என்றால் கேஸில் ஓடும் ஹீட்டரோ பாய்லரோ கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷ வாயுவைக் கக்குகிறதோ என்று சந்தேகப்படுங்கள், அதற்கு நிறமும் கிடையாது வாடையும் கிடையாது. இவற்றுக்கெல்லாம் முதலில் அவசர உதவி, நிறுவனத்துக்கு மெயில் அப்புறம்.

மற்ற எல்லாவற்றுக்கும் மெயில். “கைப்பிடி சரியில்லை, உடனே கவனிக்கவும்” என்று எழுதினால் அது கிணற்றில் போட்ட கல்தான். நான் கடைசியில் எழுதியது கிட்டத்தட்ட இப்படி:

“பி பிளாக், 2-ஆம் மாடிக்கும் 3-ஆம் மாடிக்கும் நடுவே, ஏறும்போது இடது பக்கக் கைப்பிடி. மேலிருந்து இரண்டாவது தூணின் அடியில் இருக்க வேண்டிய நான்கு போல்ட்டில் இரண்டு இல்லை. கையால் தள்ளினால் வெளிப்பக்கமாக 5 செ.மீ. சாய்கிறது. யாராவது சாய்ந்து நின்றால் ஒரு மாடி உயரத்திலிருந்து விழுவார்கள். இன்றைக்கே அந்த இடத்தைக் கட்டித் தடுக்க வேண்டும், 7 நாளுக்குள் நிரந்தரமாகச் சரிசெய்ய வேண்டும். ஆள் எந்தத் தேதியில் வருவார் என்பதை வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.”

இதில் தற்காலிகத் தடுப்பையும் நிரந்தர வேலையையும் தனித்தனியாகக் கேட்டிருப்பதைக் கவனியுங்கள். நிரந்தர வேலைக்கு அவர்களிடம் ஆயிரம் சாக்கு இருக்கும், பாகம் வரவில்லை, கான்ட்ராக்டர் ஊரில் இல்லை. ஆனால் ஒரு கயிறு கட்டி எச்சரிக்கைப் பலகை மாட்ட என்ன சாக்கு சொல்ல முடியும்?

ஒரு மெயிலில் ஒரு பிரச்சினையை மட்டும் எழுதுங்கள். கைப்பிடியோடு சேர்த்து சுவரில் பெயின்ட் உரிவதையும் எழுதினீர்கள் என்றால் பெயின்ட்டை அடித்துவிட்டு புகாரையே மூடிவிடுவார்கள், சத்தியமாக. கோபத்தையும் ஆறப்போட்டுவிட்டு எழுதுங்கள். “உயிரோடு விளையாடுகிறீர்களா” என்ற வரியைப் படிப்பவருக்கு உங்கள் கோபம்தான் நினைவில் நிற்கும், போல்ட் நிற்காது.

போட்டோ எடுக்கும்போது தூரத்திலிருந்து ஒன்று, எந்த இடம் என்று தெரிய. கிட்டே ஒன்று, அளவு டேப்பை வைத்து. ஆடுகிற பொருளுக்கு வீடியோதான் சரி. ஒரிஜினல் ஃபைலை அப்படியே வைத்திருங்கள், எடுத்த தேதியும் நேரமும் அதில்தான் பதிந்திருக்கும், வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் போட்டோவாக அனுப்பினால் அந்த விவரம் போய்விடும். புகை அலாரம் விஷயமாக எழுதுகிறீர்களா, அதைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள், தயாரித்த தேதி இருக்கும். பொதுவாக 10 வருஷத்துக்கு மேல் அவற்றை நம்பக் கூடாது என்பார்கள், அந்தத் தேதியின் போட்டோவையே இணைத்துவிடுங்கள்.

நடுவில் அவர்கள் போன் செய்வார்கள். எழுத்தில் சிக்காமல் பேசியே முடிக்கப் பார்ப்பது அவர்களுடைய வழக்கம். நன்றாகப் பேசுங்கள், வைத்த கையோடு அதே மெயிலுக்குக் கீழே இரண்டு வரி போடுங்கள்: “இன்று 11 மணிக்குப் பேசினோம், வியாழக்கிழமை ஆள் அனுப்புவதாகச் சொன்னீர்கள், நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்தவும்.” பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, அந்த மெயில் அங்கே இருக்கிறது. வேலை செய்யாமலே டிக்கெட்டை, அதாவது உங்கள் புகார்ப் பதிவை, மூடிவிட்டால் புதிதாக ஒன்று திறக்காதீர்கள், பழையதையே மறுபடி திறக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும்.

கெடு தாண்டிவிட்டதா, அடுத்தது கட்டடத்தின் உரிமையாளர். நிறுவனம் பெரும்பாலும் அவர் சார்பில் வேலை பார்க்கும் இடைநிலை ஆள்தான், உங்கள் புகார் அவர் காதுக்கே போயிருக்காது. வாடகை ஒப்பந்தத்தில் நோட்டீஸ் அனுப்ப ஒரு முகவரி இருக்கும், அதற்கு, போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் தபாலில் ஒரு பிரதி அனுப்புங்கள். பொது இடத்துப் பிரச்சினை என்றால் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் கதவு எண்ணோடு கையெழுத்து வாங்குங்கள். தனியாகக் கேட்டால் “இவர் எப்போதும் இப்படித்தான்” என்பார்கள், ஒன்பது வீடு சேர்ந்து கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது.

இன்னொரு வழி, ரிப்பேரைக் கேட்பதற்குப் பதிலாகக் காகிதத்தைக் கேட்பது. லிஃப்டைக் கடைசியாகச் சோதித்தது எப்போது, தீயணைப்பான் எப்போது சர்வீஸ் ஆனது, அந்த அறிக்கையின் நகலைக் கொடுங்கள் என்று சாதாரணமாகக் கேளுங்கள். காகிதம் இல்லையென்றால் அவர்களே அவசரமாக ஆளைக் கூப்பிடுவார்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் அரசு அலுவலகம்தான். வெளியேறும் வழியை அடைத்திருப்பது, அலாரம் வேலை செய்யாதது எல்லாம் தீயணைப்புத் துறைக்கு; கட்டடத்தின் நிலை உள்ளாட்சி அமைப்புக்கு; லிஃப்டுக்கும் மின்சாரத்துக்கும் தனி ஆய்வாளர்கள் இருக்கும் இடங்களும் உண்டு. “15-ஆம் தேதிக்குள் வேலை தொடங்காவிட்டால் 16-ஆம் தேதி ஆய்வு கோரி எழுதுவேன்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சொன்ன தேதியில் எழுதியும் விடுங்கள். ஒரு தடவை சும்மா மிரட்டினால் அடுத்த மெயிலை யாரும் திறக்க மாட்டார்கள்.

வாடகையை நிறுத்தி வைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். சட்டம் இடத்துக்கு இடம் வேறு, பல இடங்களில் வாடகை பாக்கி ஒன்றே உங்களைக் காலி செய்யச் சொல்லக் காரணமாகிவிடும். நீங்களே ரிப்பேர் செய்துவிட்டுப் பணத்தைக் கழித்துக்கொள்வதும் அப்படித்தான். வக்கீலிடமோ வாடகைதாரர் சங்கத்திடமோ கேட்காமல் இரண்டையும் செய்யாதீர்கள்.

ஆள் வந்து வேலையை முடித்ததும் ஒரு தாளை நீட்டி கையெழுத்து கேட்பார். எங்களுக்கு வந்தவர் இருக்கிற போல்ட்டையே முறுக்கி மேலே பளபளவென்று பெயின்ட்டும் அடித்திருந்தார். தள்ளிப் பார்த்தேன், ஆடியது. அந்தத் தாளிலேயே “இன்னும் 2 செ.மீ. ஆடுகிறது, இரண்டு போல்ட் இன்னும் போடவில்லை” என்று எழுதி, தேதி போட்டு, அதற்குக் கீழே கையெழுத்து போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டேன். நான்காம் நாள் வேறொருவர் டிரில்லும் புது போல்ட்டுமாக வந்தார்.