பிள்ளையின் இருமலைக் கேட்கும் முன் மூச்சைப் பார்ப்பது எப்படி

தடிமனும் இருமலும் கண்ட பிள்ளையை ஹோமியோபதி வைத்தியரிடம் கொண்டுபோகும்போது, "இரவெல்லாம் இருமுகிறான்" என்பதற்கு மேல் சொல்ல நம்மில் பலருக்கு ஒன்றும் இருப்பதில்லை. 1810இல் முதற்பதிப்புக் கண்ட தமது ஆர்கனன் நூலில், நோயாளியை முற்சாய்வின்றிக் கூர்ந்து கவனிப்பதையே வைத்தியத்தின் தொடக்கமாக, ஹோமியோபதியை உருவாக்கிய ஹானிமன் வைத்தார். பேச்சு வராத பிள்ளைக்கு அந்தக் கவனிப்பு தாயிடமும், தாய் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போயிருக்கும் நேரத்தில், தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்து ஆயம்மாவிடமும்தான் இருக்கிறது.

மூச்சை எண்ணுவதே முதல் வேலை. நுவரெலியாக் குளிருக்குப் பிள்ளைக்கு இரண்டு மூன்று சட்டை போட்டிருப்போம். பிள்ளை தூங்கும்போதோ மடியில் அமைதியாக இருக்கும்போதோ அவற்றை மெல்ல மேலே தூக்கி, நல்ல வெளிச்சத்தில், வயிறு எழுந்து தாழ்வதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். கைக்குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடாததால், அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது சரிவராது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60, அதற்கு மேல் ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40 என்ற அளவை எட்டினாலே அது வேகமான மூச்சு. அன்றைக்கே வைத்தியசாலையில் காட்ட வேண்டும். மூச்சை இழுக்கையில் விலாவின் அடிப்பகுதி உள்ளே குழிகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

பிறகு ஒரு கொப்பியில் நேரத்தோடு எழுதுங்கள்: இருமல் வறண்டதா, சளி கரகரக்கிறதா, நடுச்சாமத்தில் கூடுகிறதா, காம்பிராவில் (லயத்து வீட்டறையில்) விறகடுப்பு புகையும்போது கூடுகிறதா, தண்ணீர் கேட்கிறதா. திடீரென்று குளிர்காற்றுப் பட்டு வந்ததற்கு அக்கோனைட் என்ற மருந்து, தாகமின்றித் தாயை ஒட்டிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்குப் பல்சட்டில்லா என்று ஹோமியோபதியர் பிரித்தறிவது இத்தகைய குறிப்புகளால்தான்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நெஞ்சு நிறையச் சளி கரகரத்து, வெளியே வராமல், பிள்ளை வெளிறிச் சோர்ந்து தூங்கி வழிவதை அந்திமோனியம் டார்ட் என்ற மருந்துக்குரிய குறிகளாக ஹோமியோபதி மருந்து நூல்கள் விவரிக்கின்றன. அதே குறிகள் அவசர சிகிச்சைக்கும் உரியவை. இந்த ஹோமியோபதிச் சீனி உருண்டைகள் பிள்ளைகளின் சுவாசத் தொற்றைக் குணப்படுத்துகின்றன என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லாததால், அந்த நிலையில் உருண்டை கொடுத்துக் காத்திருப்பது பிள்ளையின் உயிரோடு விளையாடுவதாகும். வைத்தியசாலையில் தந்த மருந்தையும் இழுப்புக்கான பம்பையும் இந்த உருண்டைகளுக்காக நிறுத்தக் கூடாது.

நெஞ்சு குழிதல், பால் குடிக்க முடியாமை, உதடு நீலித்தல், வலிப்பு, எழுப்பியும் விழிக்காமை, அமைதியாக இருக்கும்போதே மூச்சில் கரடான சத்தம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் 1990 என்ற எண்ணில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். லயத்திலிருந்து பெரிய பாதைக்கு இறங்கவே நேரமெடுக்கும் தோட்டங்களில், விடியட்டும் என்று பொறுக்காமல் பிள்ளையை நிமிர்த்தி அணைத்தபடி புறப்படுங்கள். கொப்பியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மணிக்கு எத்தனை மூச்சு என்ற அந்த வரியைத்தான் அங்குள்ள வைத்தியர் முதலில் கேட்பார்.