தையில் வெட்டிய மூங்கில், ஆடித் தண்ணீருக்குத் தூண்டில்

மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடி, ஜூன் 12-இல் திறப்பார்கள். நடுவில் ஆறு காய்ந்து கிடக்கும் அந்த நாலரை மாதம்தான் தூண்டில் கழி செய்யும் காலம். வாய்க்காலில் தண்ணீரைப் பார்த்த பிறகு பச்சை மூங்கிலை வெட்டி முள்ளைக் கட்டினால், ஐப்பசிக்குள் அந்தக் கழி அடுப்புக்குப் போய்விடும். வளைந்த இடம் நிமிராது, வெயிலில் வெடிக்கும், வண்டு அரித்து மாவு கொட்டும். கழி முறிந்தால் மெல்லிசாக இருந்ததுதான் காரணம் என்பார்கள். பெரும்பாலும் அது காரணமில்லை. கழி சரியாகக் காயவில்லை, அவ்வளவுதான்.

எதை வெட்டுவது

கொள்ளிடம், காவிரிப் படுகைகளில் குத்துக் குத்தாக நிற்பது முள்மூங்கில், உள்ளே பொந்து. கல்மூங்கில் ஏறக்குறைய முழுக்கக் கெட்டி. கிடைத்தால் கல்மூங்கிலையே எடுங்கள். மீனைத் தூக்கும்போது பொந்து மூங்கில் நசுங்கி நீளவாக்கில் பிளக்கும். கெட்டி மூங்கில் வளையும், நசுங்காது. மூங்கில் கடையில் வாங்குவதானால் நுனி வெட்டாத கழியாகக் கேளுங்கள். கழிக்கு உயிரே நுனியில்தான் இருக்கிறது. நுனி போன கழியை எவ்வளவு சீவினாலும் அந்தத் துவளல் வராது.

கெண்டைக்கும் சிலேபிக்கும் 10 முதல் 12 அடி நீளம், அடிப்பக்கம் 2 செ.மீ., நுனி 4 மி.மீ. பருமன் போதும். விராலுக்கு நீளம் குறையலாம், பருமன் கூடணும்: 8 அல்லது 9 அடி, அடியில் 3 செ.மீ., நுனியில் 7 மி.மீ. ஆகாயத்தாமரைக்குள் ஓடும் விராலைத் திருப்பி இழுக்க அந்த விறைப்பு வேண்டும்.

மூன்று வயதுக் கழியாக இருக்க வேண்டும். ஒரு வயதுக் கழியில் பாளை ஒட்டியிருக்கும், தொட்டால் வெண்பொடி கையில் வரும், பச்சை பளிச்சென்று இருக்கும். மூன்று வயதானதில் பச்சை மங்கி மஞ்சள் ஓடியிருக்கும், கணுவைச் சுற்றிச் சாம்பல் நிறத் திட்டுகள் தெரியும், கத்தியின் பின்பக்கத்தால் தட்டினால் கணீரென்று கேட்கும். புதுக் குருத்து மழைக்காலத்தில்தான் வரும் என்பதால் தை, மாசியில் வெட்டுவது குத்துக்கும் கேடில்லை. தரைக்கு மேலே முதல் கணுவை ஒட்டி, கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். இல்லாவிட்டால் மிச்சக் குழலில் தண்ணீர் தேங்கி வேர்க்கட்டை அழுகும். படுகை மூங்கிலுக்கு உரிமையாளரோ குத்தகைதாரரோ இருப்பார்கள், கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

பக்கக் கிளைகளைக் கழிப்பதில்தான் பலர் கழியைக் கெடுக்கிறார்கள். அரிவாள் அடியிலிருந்து நுனி நோக்கிப் போக வேண்டும். மேலிருந்து கவட்டில் வெட்டினால் கிளை தோலையும் உரித்துக்கொண்டு இறங்கும். மூங்கிலின் வலு முழுவதும் வெளித்தோலை ஒட்டிய நாரில் இருப்பதால், அங்கே உரிந்த கழி அங்கேதான் முறியும். 2 மி.மீ. குச்சியை மிச்சம் வைத்து, காய்ந்த பிறகு அரத்தால் தேய்த்துக்கொள்ளுங்கள். அழகுக்காகத் தோலைச் சீவ வேண்டாம்.

ஊறலும் உலர்த்தலும்

வெட்டிய அன்றோ மறுநாளோ குளத்தில் கல்லைக் கட்டி முழுக்க அமிழ்த்துங்கள். மூன்று வாரம். மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தேடித்தான் வண்டு வரும். ஊறும்போது அது கரைந்து வெளியேறும். தேங்கிய நீரில் நாற்றம் எடுக்கும், கழுவினால் போய்விடும். தேய்பிறையில் வெட்டினால் பூச்சி வராது என்று ஊரில் சொல்வார்கள். தேய்பிறை பார்த்தே வெட்டினாலும் ஊறப்போடுவதை விட்டுவிடாதீர்கள். ஊறாத கழியைத் திண்ணையில் சாத்தி வைத்தால் இரண்டு மாதத்தில் குண்டூசி முனையளவு துளைகள் தெரியும். தரையில் கோலமாவு போல மஞ்சள் பொடி விழுந்திருக்கும். அதற்கு மேல் அந்தக் கழியைக் காப்பாற்ற முடியாது.

எடுத்துத் துடைத்து, நுனியில் கயிறு கட்டித் தாழ்வாரத்து உத்தரத்தில் தொங்கவிடுங்கள். அடியில் அரைச் செங்கல் கட்டினால் காயும்போதே ஓரளவு நேராகும். காற்று வேண்டும், வெயில் படக் கூடாது. பங்குனி வெயிலில் கிடத்தினால் தோல் சட்டென்று சுருங்கி, உள்ளே ஈரம் நிற்க, நீளமாக வெடிப்பு ஓடும். பத்துப் பன்னிரண்டு வாரத்தில் பச்சை போய் வைக்கோல் நிறம் வரும். நிறத்தை மட்டும் நம்பாமல் தராசில் போடுங்கள். இரண்டு வாரம் விட்டு மறுபடி தராசில் போட்டும் எடை குறையாமல் இருந்தால் காய்ந்துவிட்டது.

தணலில் நிமிர்த்துவது

வைகாசி வாக்கில் இந்த வேலை. வரட்டியோ கரியோ போட்டு எரித்து, சுடர் அடங்கித் தணலான பிறகே கழியைக் காட்டுங்கள். நாலு விரல் உயரத்தில் பிடித்து உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கோணல் பெரும்பாலும் கணுவில் இருக்கும் என்பதால் முதலில் கணுக்கள், பிறகு இடைப்பகுதி. சூடேற ஏற, தோலில் வியர்வை போலச் சிறு முத்துகள் அரும்பும். அது மூங்கிலின் மெழுகு. பருத்தித் துணியால் துடைத்தால் தோல் மினுங்கும். அந்த நேரம்தான் மூங்கில் இளகியிருக்கும். நேர்க்கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் வளைத்துப் பிடித்து, ஈரத்துணியைச் சுற்றி ஆறும்வரை விடாதீர்கள். ஆறுமுன் விட்டால் பழைய கோணலுக்கே திரும்பும். அடிப்பக்கம் கைக்கு மசியாவிட்டால், பலகைத் துண்டில் சாய்வாகப் பள்ளம் வெட்டி, அதில் கழியை மாட்டி நெம்புங்கள்.

முத்து அரும்பாமல் வளைத்தால் நார் நொறுங்கும் சத்தம் கேட்கும். கறுக்க விட்டாலோ அந்த இடம் உலர்ந்த ஈர்க்கு மாதிரி ஒடியும். பொந்து மூங்கிலைச் சுடும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள்: கணுக்களுக்கு நடுவே அடைபட்ட காற்று சூடேறி வெடிக்கும்.

ஆறியதும் நுனியைத் தரையில் ஊன்றி, நடுவில் லேசாக அழுத்திக்கொண்டே அடியைச் சுழற்றுங்கள். ஒரு பக்கம் வந்ததும் கழி தானாகத் துள்ளித் திரும்பும். வளையச் சம்மதிக்கும் பக்கம் அது. அந்தப் பக்கமாகவே மீனின் எடை இழுக்கும்படி நரம்பை (தூண்டில் நூலை) கட்டணும். அடியில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய். துணியால் மெல்லியதாகத் தேய்த்து, ஒவ்வொரு பூச்சும் நன்றாக உலர்ந்த பிறகு அடுத்தது என மூன்று பூச்சு. முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் இன்னும் உறுதியாக நிற்கும். ஆனால் கையில் பட்டால் தோல் வெந்து கொப்புளிக்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

வெளிநாட்டு ஃப்ளை ராடு வேறு வேலைக்கானது. சீனத்தின் குவாங்டாங் பகுதி டோன்கின் மூங்கிலைப் பிளந்து, 60 பாகை முக்கோணப் பட்டைகளாக இழைத்து, ஆறு பட்டைகளைச் சேர்த்து ஒட்டி அறுகோணக் கழியாக்குவார்கள். எடையே இல்லாத, இறகில் செய்த போலிப் பூச்சியைக் கனத்த நரம்பின் வீச்சில் தூர எறிவதற்கு அது தேவை. பதினைந்து அடி அகல வாய்க்காலில் கரையோரக் கோரைக்குப் பக்கத்தில் முள்ளை இறக்க முழுக்கழிதான் பொருத்தம்.

நரம்பு, முள், தக்கை

கெண்டைக்கு 0.25 மி.மீ. தங்கூசி (நைலான் நரம்பு), விராலுக்கு 0.50. நீளம் கழியளவு, கழியை நிமிர்த்தினால் முள் இடது கைக்கு வந்து சேர வேண்டும். நரம்பை நுனியில் மட்டும் கட்டாதீர்கள். நுனியிலிருந்து ஒரு முழம் கீழே முடிச்சிட்டு, கழியைச் சுற்றிக் கொண்டுபோய் நுனியில் நூலால் இறுக்கிச் சுற்றுங்கள். நுனி முறிந்தாலும் மீன் கையில் இருக்கும்.

முள்ளைக் கடையில் வாங்குங்கள். ஊசியைச் சூடாக்கி வளைத்தால் எஃகின் விறைப்பு போய்விடும், பெரிய மீன் அதை நிமிர்த்திவிடும். கெண்டைக்கு 10, 12-ஆம் எண், கெளுத்திக்கு 5, 6, விராலுக்கு 1/0. தலை தட்டையான முள்ளானால் தண்டோடு சேர்த்து ஏழு சுற்று. இறுக்கும் முன் முடிச்சை எச்சிலால் நனையுங்கள். உலர்ந்து உரசினால் சூட்டில் நரம்பு அங்கேயே பலவீனமாகும்.

தக்கைக்கு நெட்டியை மிஞ்சியது இல்லை. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டில் பெரிய கோயிலைச் செதுக்குவார்களே, அதே நெட்டிதான். குளங்களில் வளரும். காய்ந்த தண்டின் பழுப்புத் தோலைச் சீவினால் பால்வெள்ளைச் சோறு தெரியும். விரல் பருமனில் 6 செ.மீ. துண்டு எடுத்து, இரு முனையும் கூம்பச் சீவுங்கள். புது பிளேடு வேண்டும். மொண்ணைக் கத்தி நெட்டியை வெட்டாது, பிய்க்கும். நடுவே ஊசியால் துளைத்து நரம்பைக் கோத்து, ஈர்க்குத் துண்டைச் சொருகினால் தக்கை நிற்கும். ஈர்க்கை உருவி ஆழத்தை மாற்றலாம். நெட்டி தண்ணீரை உறிஞ்சும். மெழுகில் இரண்டு முறை முக்காவிட்டால் ஒரு மணி நேரத்தில் கனத்துத் தாழும், மீன் கடித்ததோ என்று வெறும் முள்ளைத் தூக்கிக்கொண்டிருப்பீர்கள். மேல்முனையில் சிவப்பு நகப்பூச்சு அடியுங்கள்.

வாளித் தண்ணீரில் விட்டு, தக்கை 1 செ.மீ. மட்டும் மேலே தெரியும்வரை முள்ளுக்கு ஒரு சாண் மேலே ஈயக்குண்டுகளைச் சேருங்கள். அதிகம் மிதந்தால் கெண்டை இழுக்கும்போதே தடையை உணர்ந்து புழுவைத் துப்பிவிடும். ஈயத்தைப் பல்லால் கடிக்காமல் குறடால் நசுக்குங்கள்.

ஊர்க் குளம் ஏலத்தில் போயிருந்தால் குத்தகைதாரரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். செம்மஞ்சள் குஞ்சுக் கூட்டத்தோடு காவல் நிற்கும் விராலை விட்டுவிடுங்கள்; தாயும் தகப்பனும் போனால் குஞ்சு மிஞ்சாது. வயலோரம் பம்புசெட்டுக்குப் போகும் மின்கம்பி தாழ்ந்திருக்கும் இடத்தில் கழியை நிமிர்த்தவே கூடாது, ஈரமூங்கில் மின்சாரத்தைக் கடத்தும்.

வீட்டுக்கு வந்ததும் துடைத்து, நுனியில் கட்டித் தொங்கவிடுங்கள். சுவரில் சாத்தினால் ஒரே மழைக்காலத்தில் வில்லாகும். அப்படி ஆனதை மறுபடி தணலில் காட்டலாம். ஆண்டுக்கு ஒரு முறை, சித்திரையில், நுனி நூலை அவிழ்த்துப் புதிதாகச் சுற்றி ஒரு பூச்சு எண்ணெய் கொடுங்கள்.