சைனஸ் ஆபரேஷன்: முன்னும் பின்னும் செய்யும் தவறுகள்

தலை வலித்தாலே சைனஸ் என்று முடிவு கட்டுவதில்தான் பல தவறுகளும் தொடங்குகின்றன. மூக்கடைப்பு இல்லை, கெட்டிச் சளி இல்லை, வாசனை நன்றாகத் தெரிகிறது, தலை மட்டும் விட்டு விட்டு வலிக்கிறது என்றால் அது ஒற்றைத் தலைவலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்கு மூக்கில் ஆபரேஷன் செய்து பயனில்லை. அறிகுறிகள் 12 வாரங்களுக்கு மேல் நீடித்து, ஸ்ப்ரேயும் உப்புநீர்க் கழுவலும் ஒழுங்காகச் செய்தும் தீராதபோதுதான் பெரும்பாலும் ஆபரேஷன் பேச்சு வரும். சளி பிடித்திருக்கும் நேரத்தில் அவசரமாக சி.டி. ஸ்கேன் எடுப்பதும் வேண்டாத வேலை. சாதாரணச் சளியிலேயே ஸ்கேனில் அடைப்பு தெரியும்.

பழைய பயம் ஒன்றும் இருக்கிறது. ஒரு காலத்தில் மேல் உதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே கீறி, கன்ன எலும்பில் துளை போட்டார்கள். அந்தக் கதையைக் கேட்டவர்கள் இன்னும் மிரளுகிறார்கள். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மெஸ்ஸர்கிளிங்கர் என்ற மருத்துவர் எண்டோஸ்கோப் என்ற, மூக்குக்குள் விட்டுப் பார்க்கும் மெல்லிய குழாயை வைத்துக் கவனித்த ஒரு விஷயம் இதை மாற்றியது. சைனஸ் என்பது மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறை; அந்த அறைக்குள் இருக்கும் நுண்ணிய மயிரிழைகள் சளியை எப்போதும் இயற்கையான வாசலை நோக்கியே தள்ளுகின்றன. வேறு எங்கே துளை போட்டாலும் அவை அந்தப் பக்கம் திரும்புவதில்லை. அதனால் இப்போது மூக்குத் துவாரம் வழியாகவே உள்ளே போய், அடைபட்ட அந்த வாசலை அகலப்படுத்துகிறார்கள். முகத்தில் தழும்பு இருக்காது. பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள்.

வாசல் திறந்துவிட்டால் நோய் போய்விட்டது என்று நினைப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. ஒவ்வாமையை எந்தக் கத்தியாலும் வெட்டி எடுக்க முடியாது. மூக்கில் சதை வளர்ந்தவர்களுக்கு, அதிலும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு, மறுபடி வளரும் வாய்ப்பு உண்டு. 'திரும்ப வரும்னா எதுக்கு ஆபரேஷன்?' என்று கேட்டால், முன்பு உள்ளே போகவே வழியில்லாமல் இருந்த மருந்து இனி போய்ச் சேரும் என்பதுதான் பதில். மூச்சு சீரானதும் ஸ்ப்ரேயைத் தூக்கிப் போட்டால் செலவழித்ததில் பாதி வீண்.

ஆபரேஷனுக்கு முன் சாப்பிடும் மாத்திரைகளை மறைக்கக் கூடாது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வலி மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்து என எல்லாவற்றையும் சொல்லுங்கள். சில மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டும். அதற்காக நீங்களே நிறுத்திவிடவும் கூடாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை கூட விடக் கூடாது. ஆஸ்பிரின் சாப்பிட்டால் மூச்சிழுப்பு வரும் என்றால் அதை முதலிலேயே சொல்ல வேண்டும்.

ஆபரேஷன் முடிந்த அடுத்த சில வாரங்கள்தான் பொறுமையைச் சோதிப்பவை. உள்ளே வீக்கமும் காய்ந்த பக்கும் சேர்ந்து, ஆபரேஷனுக்கு முன் இருந்ததைவிட அதிகமாகக் கூட மூக்கு அடைக்கும். ரத்தம் கலந்த நீர் சில நாள் ஒழுகும். ஆபரேஷன் ஃபெயிலியர் என்று பதற வேண்டாம். அடைக்கிறதே என்று மூக்கைப் பலமாகச் சிந்துவதுதான் ஆபத்து. ரத்தம் பீறிடலாம், காற்று கண்ணைச் சுற்றிய தோலுக்கடியில் புகுந்து வீங்கவும் செய்யலாம். தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்முங்கள். நொச்சி போட்டு ஆவி பிடிக்க வீட்டில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். புண் ஆறும்வரை மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். பக்கை விரலால் நோண்டுவதும் கூடாது. அதை எண்டோஸ்கோப் வைத்துச் சுத்தம் செய்யத்தான் மறுபடி வரச் சொல்கிறார்கள். கொஞ்சம் வலிக்கும், கண்ணில் நீர் வரும். அதற்குப் பயந்து போகாமல் இருந்தால் உள்ளே தழும்பு ஒட்டிக்கொண்டு, திறந்த வழி மறுபடி மூடிவிடலாம்.

மூக்கைக் கழுவக் குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ அப்படியே வேண்டாம். கொதிக்க வைத்து ஆற வைத்த நீர்தான் வேண்டும். மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது. பக்கத்துக் கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் இதற்குப் பலர் இறந்திருக்கிறார்கள்.

சைனஸுக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் இடையே இருப்பது மெல்லிய எலும்புதான். குனிந்தால் ஒரு பக்க மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டி, தொண்டையில் உப்புக் கரித்தால் அது மூளையைச் சூழ்ந்திருக்கும் மூளைத் தண்டுவட நீராக இருக்கலாம். பலர் இதை ஜலதோஷம் என்று விட்டுவிடுகிறார்கள். கண் வீக்கம், பார்வை மங்குதல், எல்லாம் இரண்டாகத் தெரிதல், நிற்காத ரத்தம், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு என எது வந்தாலும், அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காமல் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.